டிசம்பர் முதல் வாரம் ட்ரொம்சோ: ரோஸ்ஹில்லிலிருந்து போகும் மூன்று பேருக்கு ஒரு திட்டம்

நீங்கள் கேட்டது இது: கணவன், மனைவி, அறுபதைத் தாண்டிய அம்மா என மூன்று பேர். மொரிசியஸில் உள்ள ரோஸ்ஹில்லிலிருந்து கிளம்பி எட்டு நாளில் வீடு திரும்ப வேண்டும். துருவ ஒளி (அரோரா), திமிங்கிலம், நாய்கள் இழுக்கும் பனி வண்டி மூன்றையும் பார்க்க ஆசை. அதற்காக நார்வேயின் ஒஸ்லோ, பெர்கன், லொபோத்தன், வடகோடியில் ட்ரொம்சோ நான்கையும் கோத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறீர்கள். இது சரிவருமா, அரோரா தெரிய எந்த நாள் நல்லது?

சரிவராது. முதல் மூன்று ஊரையும் அடித்துவிடுங்கள். ட்ரொம்சோவில் ஒரே அறை எடுத்து ஐந்து இரவு தங்குங்கள். அந்த அட்சரேகையில் துருவ ஒளி அநேகமாக எல்லா இரவிலும் எங்காவது இருக்கும். இல்லாமல் போவது தெளிந்த வானம்தான். நார்வேயின் மேற்குக் கரையில் நவம்பர், டிசம்பர் மேகம் சாதாரண மேகமில்லை; இரண்டு மூன்று நாள் விடாமல் மூடிக்கிடக்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் உண்மையான மூலதனம், ட்ரொம்சோவில் கழிக்கும் இரவுகளின் எண்ணிக்கை. பெர்கனில் மழையில் நனைந்தபடி கழிக்கும் இரவு இந்தக் கணக்கில் சேராது. லொபோத்தனுக்கு ட்ரொம்சோவிலிருந்து சாலை வழி நல்ல நாளிலேயே ஆறேழு மணி நேரம். பனியும் இருட்டும் சேர்ந்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

தேதிக்கு வருவோம். ட்ரொம்சோ 69.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் பகல் ஆறரை மணி நேரம், நவம்பர் 15-ல் நாலேகால் மணி, நவம்பர் 25-ல் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. நவம்பர் 22 வாக்கில் மொரிசியஸில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் உச்சியில் நிற்கும்; அதே நாளில் ட்ரொம்சோவில் அது அடிவானத்தை உரசிவிட்டுப் போகும், அதையும் தெற்கே நிற்கும் மலைகள் மறைத்துக்கொள்ளும். நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் எழாது.

அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 5-ல்கூடக் காலை ஒன்பது மணி சுமாரிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நல்ல அந்தி வெளிச்சம் உண்டு: பனி நீலமாக, தெற்குப் பக்கம் வானம் ரோஜா நிறத்தில். கேமரா வைத்திருப்பவர்கள் இந்த ஐந்து மணி நேரத்துக்காகவே போவார்கள். ஆனால் பகலில் பார்க்க வேண்டியது எல்லாம் இந்த ஐந்து மணிக்குள் முடிய வேண்டும். ஒரு பகலுக்கு ஒரு காரியம், அவ்வளவுதான். வெயிலும் வேண்டும் என்றால் நவம்பர் முதல் பாதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஊருக்குள் பனி பிடித்திருக்குமா என்பது நிச்சயமில்லை, நாய் வண்டி பெரும்பாலும் சக்கரத்தில்தான் ஓடும். டிசம்பர் முதல் வாரம் மோசமான தேர்வு இல்லை.

நிலவைப் பார்க்கப் பஞ்சாங்கம் போதும். தீபாவளி நவம்பர் முற்பாதியில் வரும் ஆண்டென்றால் அடுத்த அமாவாசை டிசம்பர் முற்பாதியில் விழும். அதை ஒட்டிய நாட்கள் உங்களுக்கு இருண்ட இரவுகள். திருக்கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த இரவுகள் வெளிச்சமானவை. அங்கே ஒரு விசித்திரம் உண்டு: டிசம்பரில் முழுநிலவு மறைவதே இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அமாவாசை நிலவு எழுவதே இல்லை. முழுநிலவில் மங்கலான ஒளி அமுங்கிப்போகும், பலமானது நன்றாகவே தெரியும். பனிமலையும் சேர்ந்து துலங்குவதால் படங்கள் அழகாக வரும். அமாவாசையைத் துரத்தி விமானக் கட்டணத்தில் கூடுதலாகக் கொட்ட வேண்டிய அவசியமில்லை.

இனி அரோரா. போனில் கேபி என்று ஓர் எண் காட்டும் செயலியைத்தான் எல்லாரும் முதலில் இறக்குவார்கள். அது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று உலகம் முழுவதற்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடும் எண். லண்டனில் இருப்பவருக்கு அது பெரிது. ட்ரொம்சோ, துருவத்தைச் சுற்றி ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்தின் அடியிலேயே இருப்பதால் கேபி 1, 2 என்றாலே போதும். சூரியனின் சுறுசுறுப்பு ஏறி இறங்கும் சுழற்சியில் 25-ஆவதன் உச்சம் 2024-ல் வந்துபோனது, இனி பார்க்க முடியாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உச்சம் கழிந்த ஆண்டுகளிலும் இந்த வளையத்தின் அடியில் ஒளி வரத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது மேக முன்னறிவிப்பு. நார்வே வானிலை நிறுவனமும் நாட்டு ஒலிபரப்புக் கழகமும் சேர்ந்து நடத்தும் 'யிர்' என்ற தளம் மணிவாரியாக மேகம் காட்டும். ட்ரொம்சோவை மட்டும் பார்க்காமல் நான்கு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ட்ரொம்சோ, மேற்கே சொம்மரோய், கிழக்கே உள்நாட்டில் சிபோத்தன், பின்லாந்து எல்லையில் கில்பிஸ்யார்வி.

காற்றின் திசையையும் கவனியுங்கள். மேற்கு, தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளி வந்து கரையோர மலைகளில் பனியாகக் கொட்டும். மலைக்குப் பின்னால் மழைமறைவில் இருக்கும் சிபோத்தன் பள்ளத்தாக்கு அப்போதும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வானியல் கூடம் ஒன்றை அங்கே கட்டியதற்கும் அதுதான் காரணம். கிழக்கு, தென்கிழக்குக் காற்றடித்தால் நிலைமை தலைகீழ், கரைப்பக்கமே தெளிந்துவிடும். வழிகாட்டிகள் மாலை ஆறு மணிக்கு வேனில் ஏறும்போது போடும் கணக்கு இதுதான். சில இரவுகளில் எல்லை தாண்டி பின்லாந்துக்குள் போய்விடுவார்கள், போக மட்டும் நூற்று அறுபது கிலோமீட்டர். அதனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இப்படித் தேடிப்போகும் வேன் பயணம் ஆளுக்குச் சுமார் 1,200 முதல் 2,000 குரோனர் (நார்வே நாணயம்) வரை. பெரிய பஸ் மலிவு, ஆனால் ஐம்பது பேரை ஏற்றி இறக்குவதற்குள் ஒளி அடங்கிவிடும். அம்மாவுக்கும் எட்டு, பதினைந்து பேர் போகும் சிறிய வேன்தான் வசதி. ஒளி தெரியாவிட்டால் பணம் திரும்பாது என்பதுதான் பொதுவான நிபந்தனை, பதிவுக்கு முன் படித்துக்கொள்ளுங்கள். ஐந்து இரவில் ஒன்றை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், அதுவும் இரண்டாவது இரவுக்கு. அன்று கிடைத்துவிட்டால் மற்றவை இலாபம். கிடைக்காவிட்டால் மூன்றாம், நான்காம் நாள் காலையில் மேகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். எல்லா இரவையும் ஊரிலிருந்தே பணம் கட்டிப் பூட்டிவைப்பது, மேகம் எங்கே வரும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பந்தயம் கட்டுகிற வேலை.

முதல் இரவு ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கே நேரம் நமக்கு மூன்று மணி பின்னால். அரோரா வேட்டை நடப்பது மாலை ஆறு முதல் இரவு ஒன்று வரை. உங்கள் உடம்புக்கு அது இரவு ஒன்பது முதல் விடியற்காலை நான்கு. ஒரு முழு இரவு விமானத்தில் உட்கார்ந்து வந்தவர் இதில் தூங்கிவிழுவார், பனிக்காட்டில் நிற்கும்போது தூக்கம் வந்தால் குளிரும் இரட்டிப்பாகத் தெரியும். முதல் நாள் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். மறுநாள் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு தூக்கம். வெளியே இருட்டு என்பதால் அது தானாக வரும்.

வேன் இல்லாத இரவுகளில் நீங்களே பார்க்க இரண்டு இடம்: ஊர் இருக்கும் தீவின் உச்சியில் உள்ள பிரெஸ்ட்வன்னெ ஏரி, தெற்கு முனையில் உள்ள தெலெகிராப்புக்தா கடற்கரை. தெருவிளக்கு இரண்டிலும் குறைவு. ஏரிக்கு ஏற்றம், அம்மாவுக்குக் கடற்கரை. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள், போன் திரையைப் பார்க்காமல். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மங்கலான அரோரா வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிற மேகப் பட்டை போலத்தான் இருக்கும். பச்சை உங்கள் கேமராவுக்குத்தான் முதலில் தெரியும். சந்தேகம் வந்தால் போனை இரவு முறையில் மூன்று விநாடி அசையாமல் பிடித்து ஒரு படம் எடுங்கள். பச்சையாக வந்தால் அது மேகமில்லை. தனிக் கேமரா என்றால் முக்காலி கட்டாயம். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, லென்ஸ் முழுத் திறப்பு, இரண்டு முதல் எட்டு விநாடி, ஃபோகஸைக் கையால் ஒரு நட்சத்திரத்தில். பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், இரண்டாவதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பும்போது கேமராவை வெளியிலேயே பைக்குள் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். அப்படியே உள்ளே எடுத்துவந்தால் லென்ஸுக்கு உள்ளேயும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

உடுப்பு. ட்ரொம்சோ நகரில் டிசம்பர் தொடக்கத்தில் சாதாரணமாக பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலும் நாலைந்து டிகிரி கீழுமாக இருக்கும். வட அட்லாண்டிக் வெதுநீரோட்டம் செய்யும் உதவி. ஆனால் சிபோத்தன், கில்பிஸ்யார்வி பக்கம் மைனஸ் 15, 20 சர்வசாதாரணம், அதில் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நம் குரேபிப்பின் ஜூலைக் குளிருக்கு வைத்திருக்கும் ஜாக்கெட் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரைக்குத்தான் ஆகும். அதற்காக ஒரு லட்ச ரூபாய்க்கு உடுப்பு வாங்கவும் வேண்டாம். சுற்றுலா நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு முழுக்க மூடும் கனத்த சூட்டும் பூட்சும் தருவார்கள். பதிவு செய்யும்போது அளவோடு கேட்டு உறுதிசெய்யுங்கள். உள்ளே போடுவதுதான் உங்கள் பொறுப்பு. தோலை ஒட்டி மெரினோ கம்பளி முழுக்கைச் சட்டை, கால்சட்டை ஆளுக்கு இரண்டு ஜோடி. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. ஸ்வெட்டருக்கு ஐரோப்பா வரை போக வேண்டாம், நம்மூர் புளோரியால் பக்கத்து நிட்வேர் கடைகளில் ஏற்றுமதித் தரத்திலேயே கிடைக்கும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம்: வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

காலில்தான் பெரும்பாலோர் தோற்பது. குளிருமே என்று மூன்று சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கிக் கட்டுவார்கள். விரல் அசைய இடமில்லாமல் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அரை மணியில் மரத்துப்போகும். மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கனமானது ஒன்று, ஷூ வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிது. உள்ளே விரலை மடக்கி நீட்ட முடிய வேண்டும். வேனில் ஹீட்டர் போட்டிருக்கும்போது ஜிப்பைத் திறந்து வைத்திருங்கள். வேர்த்த காலோடு பனியில் இறங்குவதுதான் ஆபத்து. அங்கே வீடுகளிலும் சில இடங்களிலும் ஷூவைக் கழற்றித்தான் உள்ளே போவார்கள், ஓட்டை இல்லாத சாக்ஸாகப் பாருங்கள்.

குளிரைவிட எனக்குக் கவலை தருவது வழுக்கல். கரையோர ஊர் என்பதால் ஒருநாள் பனி, மறுநாள் மழை, அதற்கடுத்த நாள் உறைவு என்று மாறிமாறி வரும். மிதித்து இறுகிய பனியின் மேல் மழைநீர் மெல்லிய தகடாக உறைந்துவிட்டால் நடைபாதை கண்ணாடிதான். இடுப்பெலும்பு, மணிக்கட்டு உடைந்து பயணம் ஆஸ்பத்திரியில் முடிவது இப்படித்தான். ஷூவின் அடியில் மாட்டும் ரப்பர் பட்டை, அதில் சிறு இரும்பு முள், 'புரோடர்' என்று கேட்டால் எந்த விளையாட்டுக் கடையிலும் தருவார்கள். மூவருக்கும் முதல் நாளே வாங்குங்கள். வெளியே நடக்கும்போது குறுகிய அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுதும் பதியும்படி நடக்க வேண்டும். கை ஜாக்கெட் பைக்குள் இருக்கக் கூடாது. கடைக்குள் நுழைந்ததும் முள்ளைக் கழற்றுங்கள், ஓடு பதித்த தரையில் அதுவே வழுக்கும்.

பகல் காரியங்களில் எளிதானது ஃபியெல்ஹெய்சன் கம்பிவட வண்டி, 421 மீட்டர் உயரத்து ஸ்தூர்ஸ்தைனன் முகட்டுக்கு ஏற்றிவிடும். காலை பதினோரு மணி வாக்கில் மேலே இருங்கள், முழுத் தீவும் நீல வெளிச்சத்தில் கீழே தெரியும். பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள், காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வண்டி கிளம்பும் அதே கரையில் 1965-ல் கட்டிய ஆர்க்டிக் கதீட்ரல். மேகம் மூடிய நாளுக்குப் போலார் மியூசியத்தை ஒதுக்கிவையுங்கள்; 1928 ஜூனில் துருவப் பயணி அமுண்ட்சென் விமானமேறிப் போய்த் திரும்பாமல் போனது இந்த ஊரிலிருந்துதான்.

திமிங்கிலம்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓர்காவும் ஹம்ப்பேக்கும் ஃபியோர்டு எனும் மலையிடுக்குக் கடல்வாய்களுக்குள் வரும். முன்பு ட்ரொம்சோவுக்குப் பக்கத்திலேயே வந்தன. சில ஆண்டுகளாக வடகிழக்கே ஷியெர்வோய் பக்கம். மீன் இடம் மாறினால் திமிங்கிலமும் மாறும், அதனால் போகும் ஆண்டில் எங்கே என்று நவம்பர் நடுவில் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரொம்சோவிலிருந்து பெரிய படகில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், காலை போனால் மாலைதான் திரும்புவீர்கள். சூடான உள்கூடம், கழிப்பறை உள்ள பெரிய படகைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் படகு கிட்டத்தில் போகும், ஆனால் அலையில் ஒவ்வொரு குதிப்பும் முதுகுத்தண்டில் இறங்கும், அம்மாவுக்கு ஆகாது. வாந்தி மாத்திரை படகு கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன், கிளம்பிய பிறகு அல்ல. அன்று இரவு வேட்டை வைக்காதீர்கள்.

நாய் வண்டி ஒன்றில் ஒருவர் உட்கார, ஒருவர் பின்னால் நின்று ஓட்டுவது வழக்கம். பனி போதாவிட்டால் சக்கர வண்டிக்கு மாற்றிவிடுவார்கள், குலுக்கல் அதிகம். அம்மாவுக்கு அதற்குப் பதில் அந்த வடபகுதிப் பழங்குடிகளான சாமி மக்கள் நடத்தும் கலைமான் பண்ணை: மெதுவான சறுக்கு வண்டி, கூடாரத்தில் நெருப்பு, சூடான சாப்பாடு. அந்தச் சாப்பாடு 'பிதோஸ்', கலைமான் இறைச்சிக் குழம்பு. இறைச்சி வேண்டாதவர்கள் பதிவின்போதே சைவம் என்று எழுதினால் காய்கறி சூப் தருவார்கள். அங்கே போய்ச் சொன்னால் ரொட்டிதான்.

சாப்பாட்டுச் செலவு கடிக்கும், சாதாரண உணவகத்தில் ஒரு தட்டு 200 குரோனருக்கு மேல். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் பாதிப் பணம் மிச்சம். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, அச்சார் கொண்டுபோகலாம். முதல் நாளுக்குத் தால் பூரியும் கட்டிக்கொள்ளலாம். இறைச்சி, பால் பொருள் எதுவும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் சேர்த்தி. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய் நீரே நன்றாக இருக்கும். கையில் ரொக்கம் வேண்டியதில்லை, பஸ்ஸிலிருந்து காபிக் கடை வரை கார்டுதான். இயந்திரம் ரூபாயிலா குரோனரிலா என்று கேட்டால் குரோனர் என்று அழுத்துங்கள். ஊர் பஸ்ஸுக்கு 'ஸ்விப்பர்' செயலியில் டிக்கெட் வாங்குவது ஓட்டுநரிடம் வாங்குவதைவிட மலிவு.

கார் வாடகைக்கு எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அங்கே வலப்பக்கம். அதோடு இருட்டு, சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் கருப்புப் பனி, சாலையில் நிற்கும் கலைமான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து இன்சுலின் போடுகிறவர் என்றால் அதை முதுகுப்பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் உதவாது. சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும், சோதனையை வேனுக்குள் செய்யுங்கள். மருத்துவ அவசர எண் 113. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது.

கடைசியாக வழி. மொரிசியஸ் பாஸ்போர்ட்டுக்குச் செங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். செங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். மூவரில் யாராவது இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் அவருக்குச் செங்கன் விசா கட்டாயம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குத் தள்ள முடியாது. எத்தியாஸ் என்ற முன் அனுமதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று டிக்கெட் எடுக்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். அதே பெயரில் காசு பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய.

நம் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து ஒஸ்லோ, ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோ. செங்கனுக்குள் நுழைவது பாரிஸில் என்பதால் கைரேகை, முகப்படம் எடுக்கும் வரிசை அங்கே. அடுத்த விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். நார்வே செங்கனில் இருந்தாலும் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் பெட்டியில் ட்ரொம்சோ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் ஒஸ்லோவில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கலாம்; வேண்டுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டியிருந்தும் தெரியாமல் நேரே அடுத்த வாசலுக்குப் போனால் பெட்டி ஒஸ்லோவிலேயே தங்கிவிடும். மாற்றத்துக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். கம்பளி உள்ளாடை ஒரு ஜோடி, மருந்து, ஜாக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது ட்ரொம்சோ, ஒஸ்லோ, பாரிஸ், பிளெசான்ஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள். பனிப்புயலில் ட்ரொம்சோ விமானம் தாமதமாவது அந்த மாதத்தில் புதிதல்ல. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பாரிஸ் விமானத்தைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், அல்லது கடைசி இரவைப் பாரிஸில் வையுங்கள். எட்டு நாளில் ஐந்து இரவு ட்ரொம்சோ, ஒரு இரவு பாரிஸ், போகவர இரண்டு இரவு விமானத்தில் என்றால் கணக்கு ஒன்பதாம் நாள் காலையில்தான் முடியும். அந்த ஒரு நாளை லீவில் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ட்ரொம்சோவில் நான்கு இரவு, அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.